தட்டிப் பார்க்கக் கூடாத குடங்கள்

ஹாலந்தில் போய் இறங்கி மூட்டையைப் பிரித்தபோது குடம் துண்டு துண்டாகக் கிடந்தது. வைக்கோலைச் சுற்றி, அதன்மேல் இரண்டு பழைய வேட்டியைச் சுற்றி, சாக்கு வைத்துத் தைத்து அனுப்பியிருந்தோம். சாக்கின்மேல் ‘உடையும் பொருள்’ என்று சிவப்பு மையில் இங்கிலீஷில் நான்தான் எழுதினேன். விமானத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு அதையெல்லாம் படிக்க நேரம் இருந்திருக்காது.

சுடலைமுத்து கத்தவில்லை. விடுதி அறையின் தரையில் உட்கார்ந்து ஓடுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். கழுத்துப் பகுதி மட்டும் உடையாமல் வளையம்போல இருந்தது. அதைக் கையில் மாட்டி ஒரு சுற்றுத் திருப்பினார்.

“காருகுறிச்சியில ஒரு சூளைக் குடம் அத்தனையும் தட்டிப் பாத்து எடுத்தது வே இது” என்றார்.

எங்களுடையது வில்லுப்பாட்டுக் கூட்டம். அம்பாசமுத்திரத்திலிருந்து நாங்குநேரி வரைக்கும் கோயில் கொடைத் திருவிழாக்களில் பாடுகிறவர்கள். வில்லடித்துப் பாடுகிறவர் சங்கரபாண்டி அண்ணாவி. டோலக்கும் உடுக்கையும் எசக்கி. குடம் சுடலைமுத்து. நான் கட்டை தட்டுவேன், சோறு பொங்குவேன். எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பி, பம்பாயிலும் துபாயிலும் ஓட்டல்களில் பாத்திரம் கழுவியதில் கொஞ்சம் இங்கிலீஷ் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் என்னைச் சேர்த்தார்கள். கூட்டத்தில் எனக்குப் பெயரே ‘துபாய்’.

வில்லுப்பாட்டில் குடம் ஓசைக்கு மட்டும் இல்லை. வைக்கோல் பிரிமணையில் குடத்தை உட்காரவைத்து, அதன் கழுத்தோடுதான் வில்லைச் சேர்த்துக் கட்டுவார்கள். குடக்காரர் ஒரு கையால் கமுகம்பாளைத் தட்டையை வைத்துக் குடத்தின் வாயில் அடிப்பார். இன்னொரு கையில் ஒரு செப்புக்காசை இடுக்கிக்கொண்டு குடத்தின் வயிற்றில் தட்டுவார். வாயில் விழுகிற அடி கும்மென்று நம் அடிவயிற்றுக்குள் இறங்கும். மற்ற எல்லா வாத்தியமும் அதன்மேல் ஏறித்தான் நடக்கும்.

முதல் நிகழ்ச்சி ஒரு நகர மண்டபத்தில். குடம் இல்லாததால் வில்லை ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் கட்டினோம். எசக்கி மைக்கை டோலக்குக்குள் நுழைத்துவிடுகிற மாதிரி வைத்துக்கொண்டு இரண்டு ஆளுக்கு வாசித்தான். சுடலைமுத்து ஓரத்தில் உட்கார்ந்து ஜால்ரா போட்டார். முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நம் ஊர்க் கொடையில் யாரும் எழுந்து நின்று கைதட்ட மாட்டார்கள். எழுந்தால் வீட்டுக்குப் போகிறார்கள் என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் விடுதியில் ரொட்டியும் வெண்ணெயும், மேலே தூவிக்கொள்ளச் சாக்லேட் தூளும் வைத்திருந்தார்கள். தலை நரைத்த பெரிய மனிதர்களெல்லாம் அதைத் தூவித் தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணாவி தன் ரொட்டியில் நான் கொண்டுபோன பருப்புப்பொடியைத் தூவிக்கொண்டார்.

“என்ன வே எசக்கி, நேத்து குடம் இல்லாமலே ஓடிட்டுல்லா? நான் பயந்துக்கிட்டுல்லா இருந்தேன். ஒரு பயலுக்கும் வித்தியாசம் தெரியல.”

“கீபோர்டு ஒண்ணு வாங்கிருவோம் அண்ணாவி” என்றான் எசக்கி. “குடச் சத்தம், தவில் சத்தம் எல்லாம் அதுக்குள்ளயே கெடக்கு. பொத்தான அமுக்குனா வருது.”

“அதான் நானும் நெனச்சேன். இனும கூப்புட்டா மூணு பேரு வந்தாப் போதும். சொமக்கவும் வேண்டாம், உடையவும் வேண்டாம்.”

சுடலைமுத்து அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாக அண்ணாவிக்குக் குடம் அடிக்கிறவர். அவருக்கு வேறு தொழில் தெரியாது. கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். அண்ணாவி அதைக் கவனித்திருக்க வேண்டும்.

“உமக்கு எதுக்கு வே இந்த வயசுல அலைச்சல்? ஊருல கொடைக்கு வாரும்” என்றார்.

“ஊருக்கு கீபோர்டு வராதாக்கும்?” என்று கேட்டார் சுடலைமுத்து.

அண்ணாவி காப்பியைக் குடித்தார். எனக்கு இந்த மாதிரிப் பேச்சு பழக்கம். துபாய் ஓட்டலில் பாத்திரம் கழுவ எந்திரம் வந்த அன்றைக்கும் இப்படித்தான் சிரித்த முகமாகச் சொன்னார்கள்.

அடுத்த நிகழ்ச்சி, காட்டுக்குள் இருக்கும் ஒரு நவீனக் கலை மியூசியத்தின் தோட்டத்தில். அது மறுநாள்தான். இடத்தை முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்று நான்கு பேரும் கிளம்பினோம். பஸ் காட்டின் வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே போகச் சைக்கிள் கொடுத்தார்கள். அந்தச் சைக்கிளுக்குக் கைப்பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் நிற்கும். நாம் சரிவில் போகும்போது பெடலைச் சும்மா பின்னால் சுற்றிக்கொண்டே போவோமே, அந்தப் பழக்கத்தில் எசக்கி சுற்றினான். சைக்கிள் ஆணி அடித்தாற்போல நின்றது. எசக்கி மட்டும் முன்னால் போனான்.

“ஏலே, சைக்கிளையும் கூட்டிட்டுப் போலே” என்றார் சுடலைமுத்து. கீபோர்டைப் பற்றிக் கேட்ட பிறகு அவர் வாயைத் திறந்தது அப்போதுதான். அண்ணாவி வேட்டியை மடித்துக் கட்டி ராஜா மாதிரி ஓட்டினார். நிறுத்தத் தெரியாததால் மியூசிய வாசலில் இரண்டு வட்டம் போட்டுவிட்டு ஒரு புதரில் போய்ச் சாய்ந்தார்.

கட்டிடத்துக்குள் படங்கள். ஒரு அறையில் சுவர் அகலத்துக்கு ஒரே வெள்ளைப் படம். அதன் முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நெடுநேரம் பேசாமல் நின்றார்கள். நானும் நின்றேன். பக்கத்தில் போனால் வெள்ளைக்குள் பிரஷ் போன தடம் தெரிந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “இன்னும் ஒரு கோட்டு அடிக்கணும்” என்றான் எசக்கி. ஊரில் கொடை இல்லாத மாதங்களில் அவன் சுண்ணாம்பு அடிக்கப் போகிறவன்.

தோட்டம் வேறு மாதிரி. கதவைத் தாண்டியதும் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் நடுகை முடிந்து தேறிய வயல்போலப் பச்சையாகப் புல்வெளி. அதில் அங்கங்கே சிலைகள். சிலை என்றால் கண் மூக்கு உள்ளவை இல்லை. துருப்பிடித்த இரும்புத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, தூத்துக்குடித் துறைமுகத்தில் பழைய கப்பலைப் பிரித்துப் போட்டதுபோல நின்றன. தென்னை உயரத்துக்கு ஒரு கம்பி நாற்காலி. இரண்டாகப் பிளந்த ஒரு கல் உருண்டை. நாங்குநேரிப் பக்கம் குவாரியில் இப்படிப் பிளந்த கல் எத்தனையோ கிடக்கும். லாரியில் ஏற்றத்தான் அவற்றைப் பார்த்திருக்கிறேனே தவிர, சும்மா நின்று பார்த்ததில்லை. இந்தக் கல்லின் உட்பக்கத்தைக் கண்ணாடிபோலத் தேய்த்திருந்தார்கள். குனிந்தால் என் முகத்துக்குப் பின்னால் மேகம் போவது தெரிந்தது. அந்த இடத்தை விட்டு நகரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்போது எங்கேயோ டிங்கென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால், சுடலைமுத்து இரும்புத் தகட்டில் செப்புக்காசால் தட்டிவிட்டுக் காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்து கம்பி நாற்காலிக்குப் போய் அதன் காலைத் தட்டினார். பிறகு கல் உருண்டைக்கு வந்தார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் செதுக்கிய கல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. நெல்லையப்பர் கோயிலில் இசைத்தூண்கள் இருக்கின்றன. தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம் சொல்லும். சிறுவயதில் அவற்றைத் தட்டிக் காதை ஒட்டிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தட்டாமல் ஒரு சிலையைப் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்தோம் என்று தோன்றும்.

குளத்தின் கரையில் சுட்ட மண்ணால் செய்த ஆளுயரத் தாழிகள் வரிசையாக நின்றன. சுடலைமுத்தின் நடை மாறியது.

“அன்னா பாரும். ஆதிச்சநல்லூர் பறம்புல தோண்டி எடுப்பாங்கல்லா, அது மாதிரில்லா இருக்கு” என்றான் எசக்கி. ஆழ்வார்திருநகரிக்குப் போகிற வழியில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். அந்தக் காலத்தில் செத்தவர்களை அங்கே பெரிய தாழிகளில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள்.

சுடலைமுத்து முதல் தாழியைத் தட்டினார். டொக்கென்றது. அடுத்ததும் சரியில்லை. மூன்றாவதின் வயிற்றில் காசு பட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கால் விரல்களில் எம்பி நின்று, உள்ளங்கையால் அதன் வாயில் ஓங்கி ஒரு அடி அடித்தார். கும்மென்று குளத்தைத் தாண்டிப் போயிற்று சத்தம். அதன் பின்னாலேயே விசில் சத்தம் வந்தது. சீருடை போட்ட காவலாளி ஒருவர் புல்வெளியில் ஓடிவந்தார்.

“தொடாதீர்கள்! எதையும் தொடாதீர்கள்!”

“துபாய், என்னமோ கோவப்படுதாரு” என்றார் சுடலைமுத்து. “இந்தத் தாழிய நாளைக்கு ஒரு பொழுதுக்கு இரவலா தரச் சொல்லும் வே. பத்திரமாத் திருப்பித் தந்துருவேன்.”

விசில் கேட்டு மார்கா வந்தார். எங்கள் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த மியூசியப் பெண்மணி. நல்ல உயரம், காலில் மழைக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸ். நான் எனக்குத் தெரிந்த ஓட்டல் இங்கிலீஷில், குடம் உடைந்ததையும் அது இல்லாவிட்டால் வில்லுக்கு இருப்பிடம் இல்லாததையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“எனக்குப் புரிகிறது. ஆனால் இவை ஒரு சிற்பி செய்தவை. பனி உறைந்தாலே விரிசல் விட்டுவிடும். உங்கள் கோயிலில் சாமி சிலையை ஒருநாள் இரவல் தருவார்களா?”

நான் தமிழில் சொன்னதும் சுடலைமுத்து யோசித்தார். “தரமாட்டான். அந்தம்மா கேக்கது ஞாயந்தான்” என்றார்.

“தந்தாலும் நான் பாடமாட்டேன்” என்றார் அண்ணாவி. “பொணத்த வைக்க சட்டிய வச்சா சாமி கதை பாடச் சொல்லுதீரு? சவத்தை விட்டுத் தள்ளும் வே. முக்காலி இருக்கு.”

திரும்பும்போது மியூசியக் காப்பிக்கடையின் வாசலில் சுடலைமுத்து மறுபடியும் நின்றார். கதவோரம் ஒரு சாடி இருந்தது. நம் தவலை அளவுக்கு வயிறு, குறுகிய கழுத்து, செம்மண் நிறம். வாய் வரைக்கும் மணல் கொட்டி, அந்த மணலில் சிகரெட் துண்டுகளை நட்டு வைத்திருந்தார்கள். ஒருவர் அதன் பக்கத்தில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். அவர் முடித்து, துண்டை மணலில் அமுக்கிவிட்டுப் போகும்வரை சுடலைமுத்து மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு குனிந்து காசால் தட்டினார். மணல் நிரம்பியிருந்ததால் ஓசை அமுங்கித்தான் கேட்டது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

“இதைத் தருவாங்களான்னு கேளும் வே” என்றார் என்னிடம்.

கேட்டேன். “அதுவா?” என்று வாசல்வரை கூடவே வந்த மார்கா சிரித்தார். “அது கலைப்பொருள் இல்லை. ஸ்பெயினில் எண்ணெய் வைக்கிற பழைய சாடி. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு மணலை மட்டும் திரும்பக் கொட்டிவிடுங்கள்.”

அண்ணாவிக்கு முகம் சுருங்கிவிட்டது. “எச்சித் துண்டு போடுத சட்டி வே அது! அதுலயா என் வில்லைக் கட்டுவீரு? நான் கையால தொடமாட்டேன்.”

“மண்ணுதானே அண்ணாவி. கழுவுனாப் போயிரும்.”

“என்ன கழுவுனாலும் பொகையில நாத்தம் போவாது.”

“நீரு போடுத சுருட்டு நாத்தத்துக்குப் பக்கத்துல இருவது வருசம் இருந்துட்டேன். இது என்னத்த நாறிரப் போவுது?”

எசக்கி திரும்பி நின்று சிரித்தான். அண்ணாவி சைக்கிளைத் தேடிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் விடுதிச் சமையலறையில் சோறு வடித்து, புளிக்குழம்பு வைத்து, கல்லிடைக்குறிச்சி அப்பளம் பொரித்தேன். எண்ணெய்ப் புகை போய்க் கூரையில் இருந்த அபாய மணியை அடித்துவிட்டது. விடுதியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வாசலுக்கு ஓடிவந்தார்கள். தீ இல்லை, அப்பளம்தான் என்று ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒரு பெரியவர் அதைச் சாப்பிடலாமா, மாட்டி வைக்கலாமா என்று கேட்டார். மியூசியத்துக்கு நிறையப் போகிறவராக இருக்கும்.

மறுநாள் சீக்கிரமே நானும் சுடலைமுத்தும் போனோம். மணலைச் சாக்கில் கொட்டிவிட்டு, காப்பிக்கடையின் பின்பக்கக் குழாயடியில் சாடியைப் புளி போட்டுத் தேய்த்தார். பிறகு வெயிலைத் தேடித் தேடி அதை நகர்த்தி வைத்துக் காயவிட்டார். ஹாலந்து வெயில் ஒரு இடத்தில் நிற்பதில்லை. காய்ந்ததும் சாம்பிராணிப் புகை காட்டி, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினார். உடைந்த குடத்துக்குச் சுற்றியிருந்த வைக்கோலையே முறுக்கிப் பிரிமணை செய்தார். சமையல்காரப் பெண்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

நிகழ்ச்சி மத்தியானத்துக்குப் பிறகு. இரும்புத் தகடுகளுக்கும் தாழிகளுக்கும் நடுவே கான்வாஸ் பந்தல் போட்டிருந்தார்கள். ஜனங்கள் புல்லில் துணி விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாவி சொன்னபடி சாடியைத் தொடவில்லை. வில்லைச் சுடலைமுத்தேதான் கட்டினார்.

“டோலக்குத்தான் முன்னால போவும். நீரு பையத் தட்டும்” என்றார் அண்ணாவி. இருந்த இரண்டு மைக்கில் ஒன்று அவருக்கு, இன்னொன்று எசக்கிக்கு.

காப்புப் பாடி முடித்துக் கதைக்குள் நுழைந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. முதலில் தூறல்தான். அங்கத்து ஆட்கள் தூறலுக்கு எழுந்திருப்பதில்லை. பிறகு கனத்தது. மின்சாரம் ஆபத்து என்று ஓடிவந்து மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். பாதிப் பேர் காப்பிக்கடைத் தாழ்வாரத்துக்குப் போய் ஒதுங்கினார்கள். மீதிப் பேர் குடையை விரித்துக்கொண்டு, நிறுத்துவார்களா பாடுவார்களா என்று எங்களைப் பார்த்தபடி இருந்தார்கள். கதை பாதியில் நின்றால் சாமி குற்றம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அண்ணாவி நிறுத்தவில்லை.

ஆனால் ஈரத்தில் தோல் தளர்ந்துவிட்டது. எசக்கியின் டோலக் பொத் பொத்தென்று நனைந்த தலையணைபோல ஆயிற்று. உடுக்கையை எடுத்தான். அது அதைவிட மோசம். நம் ஊராக இருந்தால் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொள்வோம். இந்தக் காட்டில் காப்பிக்கடைப் பக்கம் தவிர வேறெங்கும் தீக்குச்சி உரசவே கூடாது என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தது. எசக்கி அண்ணாவியைப் பார்த்தான். அண்ணாவி அடுத்த அடியை எதில் வைப்பது என்று தெரியாமல், வில்லடிக்கிற வீசுகோலை ஓங்கியபடி ஒரு கணம் இருந்தார்.

அந்த இடத்தில் சுடலைமுத்து சாடியின் வாயில் ஓங்கி அடித்தார். மண்ணுக்கு மழை ஒன்றும் செய்யாது. காருகுறிச்சிக் குடத்தைவிடக் கனத்த சாடி அது. ஓசையும் கனமாக, மெதுவாக வந்தது. அண்ணாவி அவர் பக்கம் திரும்பினார். பாட்டின் ஓட்டத்தைக் குறைத்து, சாடிக்குத் தக்கபடி ஆக்கினார். நான் கட்டையை அதோடு சேர்த்தேன். மைக் இல்லாத தொண்டை, வில்லின் மணிகள், கட்டை, சாடி, இவ்வளவுதான். தகடுகளின்மேல் மழை விழுகிற சத்தம் வேறு கூடவே வந்தது. தாழ்வாரத்தில் ஒதுங்கியவர்கள் ஒவ்வொருவராக நனைந்துகொண்டு திரும்பி வந்து பந்தலைச் சுற்றி நின்றார்கள். விசில் ஊதிய காவலாளியும் தொப்பியில் தண்ணீர் வடிய நின்றார். அவர் பூட்ஸ் கால் தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

மங்களம் பாடி முடித்ததும் எல்லாரும் நின்றபடியே கைதட்டினார்கள். இந்தத் தடவை அண்ணாவி கூட்டத்தைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சாடியின் கழுத்தில் தெறித்திருந்த மழைத்தண்ணீரைத் துடைத்தார். வயிற்றையும் துடைத்தார். சுடலைமுத்து வில்லின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். எசக்கி டோலக்கைக் குழந்தையைப்போலச் சட்டைக்குள் பொதிந்து வைத்திருந்தான்.

சொன்னபடி மணலைத் திரும்பக் கொட்டி, சாடியைக் காப்பிக்கடை வாசலில் அதே இடத்தில் வைத்தோம். மஞ்சள் கயிற்றை மட்டும் சுடலைமுத்து அவிழ்த்துக்கொண்டார். நாங்கள் கிளம்புவதற்குள் ஒரு பெண் வந்து, திரும்பக் கொட்டிய மணலில் முதல் சிகரெட்டை நட்டுவிட்டுப் போனாள்.

விமானம், ரயில் எல்லாம் கடந்து திருநெல்வேலியில் இறங்கி, அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறினோம். கல்லிடைக்குறிச்சிக்குத்தான் டிக்கெட். காருகுறிச்சியில் பஸ் நின்றதும் அண்ணாவி வில்லைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“எறங்கும் வே” என்றார் சுடலைமுத்திடம்.

“இங்கன எதுக்கு?”

“ரெண்டு குடம் எடுத்துட்டுப் போவோம். ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு வேணும்லா.”

“அப்ப கீபோர்டு?” என்று கேட்டான் எசக்கி.

“அது நனைஞ்சா நீ காய்ச்சுவியாலே?” என்றார் அண்ணாவி.

குடம் வனைகிற வேளார் வீட்டு முற்றத்தில் அன்று பிரித்த சூளையின் குடங்கள் வரிசையாக இருந்தன. சுடலைமுத்து பையிலிருந்து பழைய குடத்தின் கழுத்தை எடுத்து, வாய் இந்த அளவு இருக்க வேண்டும் என்று கொடுத்தார். பிறகு செப்புக்காசை இடுக்கிக்கொண்டு ஒரு ஓரத்திலிருந்து தட்ட ஆரம்பித்தார். அண்ணாவியும் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து காதைக் கொடுத்தார். பாதி முற்றம் தாண்டியதும் வேளாருக்குப் பொறுக்கவில்லை.

“என்ன அண்ணாச்சி, ஒண்ணு விடாமத் தட்டுதீரு. வாங்கத்தானே வந்திருக்கீரு?”

“பைய இரும் வே” என்றார் சுடலைமுத்து. “அங்கன தட்ட விடாம விசிலடிச்சுட்டானுவ.” சொல்லிவிட்டு அடுத்த குடத்துக்கு நகர்ந்தார்.